எங்கள் ஜீப் டிரைவர் கிருமியான கதை

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஜனங்களைத் தண்ணீர் குடிக்க வைப்பது. இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். "அதுக்குப் போயி சம்பளமா? தாகம் எடுத்தா தானா குடிச்சுட்டுப் போறாங்க" என்றார் அரியலூரில் எங்கள் எதிர்வீட்டுக்காரர். அப்பாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. பி.யூ.சி. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த பெண்ணுக்குப் பெரம்பலூரில் ஒரு வேலை, பொழுது சாய்வதற்குள் பஸ் பிடித்து வீடு திரும்பிவிடலாம் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

வேலை கொடுத்தது ஒரு தொண்டு நிறுவனம். வெளிநாட்டிலிருந்து வரும் நன்கொடையைக் கொண்டு, நல்ல தண்ணீர் இல்லாத காலனிகளில் போர் போட்டு அடிபம்பு வைப்பார்கள். ஆபீஸ் என்பது வாடகைக்குப் பிடித்த ஒரு ஓட்டு வீடு. அதில் இருந்தது மூன்றே பேர். எங்கள் சார் திருச்சிக்காரர், விஞ்ஞானம் படித்தவர். எதையும் படம் வரைந்து காட்டினால் மனிதர்களுக்குப் புரிந்துவிடும் என்று மனதார நம்பியவர். அடுத்து ஜீப் டிரைவர். ஜீப் ஓட்ட வருமுன் தெருக்கூத்தில் ராட்சச வேஷம் கட்டியவர். எங்கள் ஜீப்பில் ஹாரன் வேலை செய்யாது, அவர் குரல் இருக்கும்வரை அது தேவைப்படவும் இல்லை. மூன்றாவது ஆள் நான். பம்பு வைத்த இடங்களுக்குப் போய்ப் பெண்களோடு பேசுவது என் வேலை. போகிற இடமெல்லாம் என்னை "டீச்சர்" என்றார்கள். மறுத்துப் பார்த்து அலுத்துப்போய் நானும் டீச்சராகிவிட்டேன்.

பாடாலூரிலிருந்து செட்டிகுளம் போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு காலனி இருந்தது. நிலமில்லாத கூலிக்காரர்கள். வெங்காயக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் வேலை. ஊர்க்கிணற்றில் அவர்கள் கயிறு போடக் கூடாது. குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, யாராவது மனது வைத்து ஊற்றுகிற வரைக்கும் நிற்க வேண்டும். அப்படி நிற்கப் பிடிக்காமல், எந்தக் காலத்திலோ கல் உடைத்துவிட்டுப் போன பள்ளத்தில் தேங்கிய மழைத்தண்ணீரைக் குடித்துவந்தார்கள். குட்டை என்பார்கள் அதை. அதில் துணி துவைப்பார்கள், பிள்ளைகள் குளிப்பார்கள், எருமைகளும் குளிக்கும். இவர்களில் எருமைதான் கொஞ்சம் ஒதுங்கி மரியாதையாகக் குளிக்கும்.

அங்கே போர் வண்டி வந்து துளை போட்டபோது திருவிழாவாக இருந்தது. முதல் தண்ணீர் சேறும் சகதியுமாகப் பீறிட்டு எங்கள் சாரின் வெள்ளைச் சட்டையைக் காவிச் சட்டையாக்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். அடிபம்பை நட்டு முடித்ததும் அதற்குப் பொட்டு வைத்து மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார்கள். சாருக்குக் கண் கலங்கிவிட்டது. நன்கொடை கொடுத்த நாட்டிலிருந்து விருந்தாளி வந்து பார்க்கும்போது திறப்பு விழா வைத்துக்கொள்ளலாம், அதுவரை நீங்கள் பாட்டுக்குக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

கொஞ்ச நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், பம்பு பொட்டும் பூவுமாக அம்மன் போல நிற்கிறது. அதன் கைப்பிடியில் ஒரு ஆடு கட்டியிருக்கிறது. காலனி மொத்தமும் குடத்தோடு குட்டையில்.

காரணம் கேட்க நான் போய் நின்றது ஒரு அக்காவிடம். அந்தக் காலனியில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. எல்லாம் அவர் வைக்கும் குழம்பின் மகிமை. கல்யாணமோ காரியமோ, அடுப்புக்கு முன்னால் அவர்தான் நிற்பார். அவருடைய தயவை இழந்தவருக்கு நல்ல குழம்பு இல்லை.

"தண்ணின்னா ஒரு ருசி வேணும் டீச்சர்" என்றார் அக்கா. "இது சப்புன்னும் இருக்கு, ஆணியை நக்குன மாதிரியும் இருக்கு. அத வுடுங்க. பருப்பு வேகுதா? காலையில போட்ட பருப்பு பொழுதுசாய வரைக்கும் கல்லு கல்லா நின்னுக்கிட்டு என்னையவே பாக்குது. எனக்குப் பயமா போச்சு."

"குட்டைத் தண்ணியில கிருமி இருக்குக்கா. வயித்துக்கு ஆகாது."

"கிருமியா? நான் பொறந்ததுலேர்ந்து அந்தத் தண்ணிதான். ஒரு நாளு ஒரு கிருமியும் என் கண்ணுல பட்டதில்ல."

இதை ஆபீசில் வந்து சொன்னதும் சாரின் முகம் பிரகாசமாகிவிட்டது. "கண்ணுல படணும், அவ்வளவுதானே?" என்றார். திருச்சியில் தனக்குத் தெரிந்த பேராசிரியர் ஒருவரிடம் ஒரு மைக்ராஸ்கோப்பைக் கடன் வாங்கி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

காலனி நடுவில் வேப்பமரத்தடியில் மேஜை போட்டோம். சார் குட்டைத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்தார். முதலில் பார்த்தது அக்கா. ஒற்றைக் கண்ணை மூடி உள்ளே பார்த்தவர், "அடியே, நீந்துதுடி!" என்று கத்தினார். அவ்வளவுதான். வரிசை குட்டை வரைக்கும் நீண்டுவிட்டது. பார்த்தவர்கள் ஓடிப்போய் மறுபடி வரிசையின் வாலில் நின்றார்கள். ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, "நம்ம குட்டையில ஒண்ணுமே இல்லன்னு மேலத்தெருக்காரனுவ சொன்னானுவளே. வந்து பாக்கச் சொல்லுங்கடா!" என்று மார்தட்டினார்.

சார் பதறிப்போய், "இருங்க, இப்ப பம்பு தண்ணியப் பாருங்க" என்று சொட்டை மாற்றி வைத்தார். அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, சாருக்காக வருத்தப்படும் குரலில் சொன்னார்:

"இதுல ஒரு பூச்சி கூட இல்லீங்களே சார். பூச்சியே வேணாங்குற தண்ணிய மனுசன் எப்படிங்க குடிப்பான்?"

ஜீப்பில் திரும்பும்போது சார் மைக்ராஸ்கோப்பை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாடாலூரில் டீக்கடை முன்னால் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தபோதுதான் டிரைவர் தொண்டையைக் கனைத்தார். பக்கத்து பெஞ்சில் இருந்தவர் எழுந்து வழி விட்டார்.

"சார், நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? படம் காட்டுனாலும் பூதக்கண்ணாடி காட்டுனாலும் ஏறாதுங்க. கூத்து கட்டுவோம். கிருமிய மேடையில ஏத்திக் கொன்னு காட்டுவோம்."

"கிருமியா யாரு நடிக்கிறது?" என்றார் சார்.

டிரைவர் மீசையைத் தடவிக்கொண்டார். அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கதையை சார் எழுதினார். நான் குட்டைத் தண்ணீர் கொடுக்கும் அறியாத தாய். சுருட்டிய துண்டு ஒன்று என் குழந்தை. சார் டாக்டர். கிருமி வந்து குழந்தையைப் பிடிக்கும். டாக்டர் பம்பை அடித்து, தண்ணீரை வாரிக் கிருமி மேல் வீசுவார், கிருமி செத்து விழும். சுபம்.

வேஷத்தில்தான் தகராறு வந்தது. டிரைவர் அட்டையில் கிரீடம் செய்து சிகரெட் பெட்டியின் ஜிகினாத்தாள் ஒட்டினார். முகத்துக்குப் பச்சை அரிதாரம், வயிற்றில் தலையணை. "கிருமிக்குக் கிரீடம் கிடையாதுப்பா" என்றார் சார். "ராசா இல்லாத கிருமியா சார்? அப்ப அதுங்க யாரு பேச்சைக் கேட்கும்?" என்றார் டிரைவர். மைக்ராஸ்கோப்பில் தெரிந்தவற்றுக்கு வால் இருந்ததால், வால் மட்டும் கட்டாயம் வேண்டும் என்றார் சார். ராட்சச வேஷத்துக்கு வால் கட்டுவது தனக்கு அவமானம் என்றார் டிரைவர். கடைசியில் கிரீடமும் இருக்கட்டும் வாலும் இருக்கட்டும் என்று நான் சமாதானம் செய்து வைத்தேன். பழைய டயர் டியூப்பை வெட்டி வாலாக்கினோம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பம்புக்குப் பக்கத்திலேயே கூத்து தொடங்கியது. அன்று மட்டும் திரும்ப நேரமாகும் என்று வீட்டில் முன்பே சொல்லியிருந்தேன். வேலை முடிந்து வந்த ஜனம் மொத்தமும் தரையில். நான் துண்டுக் குழந்தையை ஆட்டிக்கொண்டு, எழுதிக் கொடுத்த வசனத்தைக் கிளிப்பிள்ளை போல ஒப்பித்தேன். யாரும் கவனிக்கவில்லை. ஒரு பாட்டி மட்டும், "டீச்சருக்குப் புள்ளைய புடிக்கவே தெரியல, தலைய தொங்க வுடுது பாரு" என்றார்.

பிறகு ஜீப்புக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. நாய்கள் எழுந்து ஓடின. டிரைவர் வாலைச் சுழற்றிக்கொண்டு குதித்து வந்து பாடினார்:

"கண்ணுக்குத் தெரியாத காலன் வந்தேனே – உங்க
கொடத்துக்குள்ள குடியிருக்க நானும் வந்தேனே!
எருமை குளிச்ச தண்ணியில எழுந்து வந்தேனே – உங்க
வயித்துக்குள்ள மாளிகைய வாங்க வந்தேனே!"

காலனி கூரை பறக்கக் கைதட்டியது. அடுத்த அடியையும் பாடச் சொன்னார்கள். அடுத்த அடி எழுதப்படவில்லை. அவர் நின்ற இடத்தில் கட்டிப் பாடினார். டாக்டர் வேஷத்தில் ஓரமாக நின்ற சார், உள்ளே வர நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவை அடியெடுத்து வைத்தபோதும் கிருமி இன்னொரு பாட்டு எடுத்தது. கடைசியில் பொறுமை இழந்து, டாக்டர் பாட்டின் நடுவிலேயே ஓடிவந்து பம்பை அடித்து ஒரு வாளித் தண்ணீரைக் கிருமி மேல் ஊற்றிவிட்டார்.

ஜனம் ஆவென்று எழுந்துவிட்டது. கூத்தில் ஒரு ராட்சசன் ஒரு வாளித் தண்ணீருக்கெல்லாம் சாக மாட்டான். டிரைவர் தள்ளாடினார், விழுந்தார், எழுந்தார், தன் பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்து ஒரு ஒப்பாரி வைத்தார். அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்து, இரண்டாவது வாளியைத் தூக்கிய டாக்டரின் கையைப் பிடித்துவிட்டார்.

"போதும் வுடுங்க சார்! பாவம், அதுவும் பொழைக்கத்தானே வந்துச்சு!"

காலனி முழுவதும் "ஆமா, வுட்டுருங்க!" என்றது. சார் வாளியோடு அப்படியே நின்றார். கிருமி உயிரோடு எழுந்து எல்லோரையும் கும்பிட்டது. அதோடு கூத்து முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அக்கா கிருமியை விடவில்லை. நனைந்த வேஷத்தோடே வீட்டுக்குக் கூட்டிப்போய் இலை போட்டார். "எம்மாம் நேரம் பாடுனீங்க, தொண்டை காஞ்சிருக்கும்" என்று குட்டைத் தண்ணீரை ஒரு பெரிய செம்பு நிறைய மொண்டு கொடுத்தார். கூடப் போயிருந்த நான் வேண்டாமென்று கண்ணைக் காட்டினேன். கலைஞனுக்குப் பாராட்டு என்று ஒன்று கிடைக்கும்போது கண் தெரியாது. டிரைவர் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்து, இன்னொரு செம்பு கேட்டார்.

மறுநாள் காலை ஆபீசில் அவரைக் காணோம். பின்கட்டு அறையில்தான் தங்கியிருந்தார். போய்ப் பார்த்தால், அவர் அறைக்கும் கொல்லைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். மதியத்துக்குள் நடக்க முடியாமல் ஆகிவிட்டது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் சார். ஆனால் ஜீப்பை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் டிரைவர்தான். ஆகவே நோயாளியே எங்களை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். பக்கத்தில்தான் ஆஸ்பத்திரி. இருந்தாலும் வழியில் புதர் கண்ட இடத்திலெல்லாம் ஜீப் நின்றது. சாரும் நானும் எதிர்ப்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அவரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "காதுக்குப் பின்னாடி இப்படிப் பச்சையா இருக்கே, எத்தனை நாளா இருக்கு?" என்று கவலையாகக் கேட்டார்.

"அது அரிதாரங்க" என்றேன் நான். "நேத்து இவரு கிருமி."

நர்ஸம்மா என்னையும் பரிசோதிக்கலாமா என்பது போலப் பார்த்தார். பிறகு குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

செய்தி எப்படிப் போனதோ தெரியவில்லை. அதற்கடுத்த நாள் அக்காவும் காலனிப் பெண்கள் சிலரும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்கள். அக்கா கையில் ஒரு தூக்குவாளி. அதைப் பார்த்ததும் டிரைவர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

"என்னாங்க டீச்சர் ஆச்சு அவருக்கு? கண்ணு பட்டுருச்சா?" என்றார் அக்கா.

"கண்ணு இல்லக்கா. உங்க வூட்டுல குடிச்ச தண்ணிதான். வயித்தால போயிட்டே இருக்கு. டாக்டர் கிருமின்னு சொல்லிட்டாரு."

அக்காவுக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. என்னைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார். "கிருமிக்கேவா?" என்றார்.

"கிருமிக்கேதான்."

"கிருமியவே கிருமி புடிச்சிருச்சா!" என்று மற்றப் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். "அம்மாம் பெரிய ஒடம்பு, மலை மாதிரி. இவருக்கே தாங்கலன்னா..." என்று ஒருத்தி தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டாள்.

அக்கா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். "போன மழைக்கு என் தங்கச்சி மவ போனா" என்றார். "இப்படித்தான் ரெண்டு நாளு. காத்து கருப்பு அடிச்சுருச்சுன்னு மந்திரிச்சோம். நடக்கப் பழகுன புள்ள."

போர்வைக்குள்ளிருந்து டிரைவரின் குரல் வந்தது. "அந்தத் தண்ணிய இனிமே குடிக்காதீங்கக்கா." அந்த மனிதருக்கு இவ்வளவு சின்னக் குரல் உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அக்கா மூக்கைச் சிந்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "சரி டீச்சர், குடிக்கல. ஆனா பருப்பு? அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

எனக்கு ஒன்று தோன்றியது. "குடிக்கிறதுக்குப் பம்பு தண்ணி. பருப்புக்கு மட்டும் குட்டைத் தண்ணி. தளதளன்னு கொதிக்கிறதுல கிருமி செத்துரும்." சொல்லிவிட்டு, கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற சாரைப் பார்த்தேன். குட்டைத் தண்ணீர் என்ற வார்த்தையே அவருக்கு ஆகாது. உதட்டைக் கடித்து யோசித்துவிட்டு, "கொதிச்சா சரிதான்" என்றார். தன் சொத்தை எழுதிக் கொடுப்பவர் முகம் அப்படி இருக்கும்.

"அப்ப சரி" என்று எழுந்தார் அக்கா. "எனக்கும் ஒரு கண்டிசன் இருக்கு. தெறப்பு விழாவுக்கு இவரு வேஷத்தோடதான் வரணும். இல்லாட்டி எங்க ஆளுவ ஒருத்தனும் வர மாட்டான்."

இப்படித்தான் திறப்பு விழாவன்று எங்கள் கிருமி கிரீடமும் வாலுமாக, கழுத்தில் சாமந்தி மாலையோடு பம்புக்குப் பக்கத்தில் நின்றது. ஆட்டை அவிழ்த்து எங்கோ ஒளித்திருந்தார்கள். பம்பைச் சுற்றிலும் குடங்கள். நிஜமாகவே பிடிக்க வந்த குடங்கள்.

விருந்தாளி ஒரு வெள்ளைக்கார அம்மா. நல்ல வயது, நல்ல உயரம், காது கொஞ்சம் மந்தம். காரிலிருந்து இறங்கியவர் எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே வந்து கிருமி முன்னால் நின்றுவிட்டார். இவர் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆங்கிலம் பேசுவது என் பொறுப்பு. பதற்றத்தில், "இவர் எங்கள் ஜெர்ம், மேடம்" என்றேன். கிருமிக்கு அதுதானே ஆங்கிலம்?

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஜெர்மன்?" என்றார். அவர் ஜெர்மன்காரி. கிருமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அவருடைய பாஷையில் படபடவென்று பேச ஆரம்பித்தார். டிரைவர் எந்த மேடையிலும் திகைத்தவர் இல்லை. வந்த விருந்தாளிக்கு மரியாதையாக, நெஞ்சை நிமிர்த்தி, ராட்சசச் சிரிப்பு ஒன்று சிரித்தார். அந்த அம்மா இரண்டடி பின்னால் போனார்.

சார் பாய்ந்து வந்தார். கைவசம் எப்போதும் வைத்திருக்கும் படச்சுருளைப் பிரித்து, வால் முளைத்த கிருமியின் படத்தைக் காட்டி, டிரைவரைக் காட்டி, மறுபடி படத்தைக் காட்டினார். அந்த அம்மா படத்தைப் பார்த்தார், டியூப் வாலைப் பார்த்தார். மெல்லப் புரிந்தது. சிரிக்கத் தொடங்கியவருக்கு நிறுத்த முடியவில்லை, பம்பின் சிமெண்டு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று தெரியாமலே காலனியும் சேர்ந்து சிரித்தது. சாரின் வாழ்க்கையில் ஒரு படம் ஒருவருக்குப் புரிந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அக்கா ஒரு செம்பில் பம்புத் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த அம்மா அண்ணாந்து குடிக்கத் தெரியாமல் பாதியை மேலே ஊற்றிக்கொண்டு குடித்து முடித்தார்.

அந்தப் பம்பு நன்றாகவே ஓடியது. காலனிப் பெண்கள் அதற்குக் காவல் வைத்து, செருப்போடு மேடை ஏறியவர்களைத் திட்டினார்கள். அடுத்த மழைக்குக் குழந்தைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவது குறைந்ததாக அக்காவே சொன்னார். தண்ணீரின் ருசியைப் பற்றிய புகார் மட்டும் கடைசிவரை குறையவில்லை.

புதிய தொல்லை ஒன்றும் வந்தது. இரவும் பகலும் பம்பை அடித்ததில் மேடையைச் சுற்றித் தண்ணீர் தேங்கிக் கொசு பெருகிவிட்டது. வாய்க்கால் வெட்டி வாழைக்கன்று வைக்கச் சொல்ல வேண்டும். சார் ஒரு நாள் காலை எங்களைக் கூப்பிட்டு, "அடுத்த கூத்துக்குக் கொசு வேணும்" என்றார். டிரைவருடைய வயிற்றைப் பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து குச்சி போன்ற என் கையையும் காலையும் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னபோது அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். "கொசு வேஷமா? நாளைக்கு ஜெயங்கொண்டத்துலேர்ந்து பொண்ணு பாக்க வராங்க. பொண்ணு என்ன பண்ணுதுன்னு கேட்டா நான் என்னாடி சொல்லட்டும்?"

"கவர்மெண்டு மாதிரி ஒரு வேலைன்னு சொல்லு" என்றார் அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

நான் காகிதச் சிறகு ஒட்டத் தொடங்கினேன்.